யாரைக் கேட்டார்கள்? எப்படிக் கேட்டார்கள்?

2019 அக்டோபர் 2, காந்தியின் 150ஆவது பிறந்த நாள். கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று அன்று அகமதாபாத்தில் பிரதமர் அறிவித்தார். அடுத்த மாதமே மத்தியப் புள்ளியியல் துறையின் அறிக்கை ஒன்று வெளியானது. 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை வீடு வீடாகப் போய் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று அறிக்கை அது. கிராமத்து வீடுகளில் கழிப்பறை வசதி உள்ளவை 71.3 சதவீதம் என்றது. ஆய்வு முடிந்ததற்கும் அறிவிப்புக்கும் இடையில் ஒன்பது மாதம் இருக்கிறது, அதற்குள் கட்டப்பட்டவையும் உண்டு. ஆனாலும் கால்வாசிக்கும் அதிகமான வீடுகளில் கழிப்பறை இல்லை என்று ஒரு கணக்கும், எல்லாம் முடிந்தது என்று இன்னொரு கணக்கும் ஒரே அரசிடமிருந்து வந்தபோது எதை நம்புவது?

அந்த அறிக்கைக்குள்ளேயே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் அது அதிகம் பேசப்படவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் பொருளே அந்தக் குறிப்புதான். கள ஆய்வாளர் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டது, அரசுத் திட்டங்களில் என்னென்ன பயன் பெற்றீர்கள் என்று. அதற்குப் பிறகுதான் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்வி. இந்த வரிசையால் பதில்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கக்கூடும் என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது.

எப்படிச் சாயும்? தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் தந்தார்கள். கையில் தாளோடு வந்த ஓர் ஆள் திட்டங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, அடுத்து கழிப்பறை இருக்கிறதா என்கிறார். "இல்லைன்னு சொன்னா ஏதாவது கிடைக்கும்" என்று ஒருவருக்குத் தோன்றலாம். அரசுத் தரப்பு வாதம் இதுதான். ஆனால், பணம் வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டவருக்கும், கட்டியதில் விறகு அடுக்கி வைத்திருப்பவருக்கும் இதே வரிசை எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். "இல்லை" என்றால் கேள்வி வருமே என்று அவர் "இருக்கு" என்பார். இரண்டில் எது எத்தனை வீட்டில் நடந்தது என்று இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பல மாதம் உழைத்துத் திரட்டிய தகவலின் மேல், இரண்டு கேள்விகளின் முன்பின் வரிசை அந்தச் சந்தேகத்தைப் படியவிட்டது.

கேள்வியின் வரிசை பதிலை மாற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1948இல் அமெரிக்காவில் ஹைமன், ஷீட்ஸ்லி என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து, தாங்கள் கண்டபடி செய்தி அனுப்ப அனுமதிக்கலாமா என்று நேரடியாகக் கேட்டபோது, 36 சதவீதம் பேர் சரி என்றார்கள். நம் செய்தியாளர்கள் ரஷ்யாவுக்குப் போய் எழுத அவர்கள் அனுமதிக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு அதன் பிறகு இதைக் கேட்டபோது, சரி என்றவர்கள் 73 சதவீதம். நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா என்று மனசாட்சி இடையில் புகுந்துவிடுகிறது. பதில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு பதிலும் உண்மையான பதில்தான். அதனால்தான் எது முதலில், எது பிறகு என்பதை ஆய்வு செய்கிறவர் யோசித்து முடிவெடுத்தே ஆக வேண்டும்.

கழிப்பறைக்கே இன்னொரு முறை வருவோம். வட இந்தியாவின் ஐந்து மாநிலக் கிராமங்களில் 2013-14இல் டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் முதலியோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். "உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?" என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் குறிப்பிட்டு, அவர் எங்கே போகிறார் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பயன்படுத்தும் நிலையில் கழிப்பறை இருந்த வீடுகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், குறைந்தது ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டால் கட்டடத்தைப் பற்றிய பதில்தான் வரும். மனிதர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் ஆளாளுக்குக் கேட்க வேண்டும். அதையும், வெட்கப்படுத்தாமல் கேட்க வேண்டும். "சில பேர் கழிப்பறைக்குப் போவாங்க, சில பேர் காட்டுப் பக்கம் போவாங்க. உங்க அப்பா எப்படி?" என்று இரண்டையும் சம மரியாதையோடு முன்வைக்கும்போது, வெளியே போகும் பெரியவருக்கு உண்மை சொல்ல இடம் கிடைக்கிறது. "நீங்கள் கழிப்பறையைத்தானே பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்கிறவர் பதிலையும் தானே எழுதிக்கொண்டு போகலாம்.

ஒரு கட்டம் கூடியதால் குழம்பிய வறுமைக் கணக்கு

இந்தியாவில் எத்தனை பேர் ஏழைகள் என்பதைவிடப் பெரிய கேள்வி நம் புள்ளியியலில் இல்லை. அதற்கான பதில், குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று தேசிய மாதிரி ஆய்வு கேட்பதிலிருந்து வருகிறது. அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு, எண்ணெய்க்கு என்ன செலவு என்று நூற்றுக்கணக்கான பொருள்கள். எத்தனை நாளுக்கான கணக்கைக் கேட்பது? கடந்த ஏழு நாளா, முப்பது நாளா?

1950களின் தொடக்கத்திலேயே புள்ளியியலாளர்கள் மகலனோபிசும் சென்னும் வங்காளக் கிராமங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். வாரக் கணக்கு கேட்டால் செலவு கூடுதலாக வந்தது. மாதக் கணக்கு கேட்டால் குறைவாக வந்தது. எது சரி என்று பார்க்க, சமைக்கும் பொருளை நாள்தோறும் நிறுத்து ஒப்பிட்டார்கள். முப்பது நாள் கணக்கே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுவே பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இந்த வேறுபாட்டில் விந்தை இல்லை. முப்பது நாள் என்றால் இருபது நாளைக்கு முன் வாங்கிய கால் கிலோ வெங்காயம் நினைவில் நிற்காது. ஏழு நாள் என்றால், எட்டாம் நாள், பத்தாம் நாள் வாங்கியதும் "போன வாரம்தானே" என்று உள்ளே வந்து சேர்ந்துவிடும். ஒன்றில் மறதி குறைக்கிறது, மற்றொன்றில் நினைவு இழுத்துக் கூட்டுகிறது.

1990களில் சில சிறு சுற்றுகளில், பாதிக் குடும்பங்களிடம் முப்பது நாள் கணக்கும் மீதிப் பாதியிடம் உணவுக்கு ஏழு நாள் கணக்கும் கேட்டுப் பரிசோதித்தார்கள். ஏழு நாள் படிவத்தின்படி கணக்கிட்டால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒருவருக்கும் ஒரு ரூபாய் வருமானம் கூடவில்லை. கேள்வியில் இருந்த நாளின் எண்ணிக்கைதான் மாறியது.

அடுத்து 1999-2000இல் நடந்த பெரிய சுற்றில், ஒரே குடும்பத்திடம் இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். இங்கேதான் சிக்கல். ஏழு நாளில் இரண்டு கிலோ என்று சொன்னவர், முப்பது நாளுக்கு ஆறு கிலோ என்று சொன்னால் ஆய்வாளர் நிமிர்ந்து பார்ப்பார். "வாரம் ரெண்டுன்னா மாசம் எட்டு, ஒன்பது வருமே?" சொன்னவரும் திருத்திக்கொள்வார். இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துச் சரிசெய்துகொண்டன. முப்பது நாள் கணக்கு வழக்கத்தைவிட ஏறியது. விளைவு, 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்தது என்ற அறிவிப்பு. தாராளமயத்தின் வெற்றி என்று ஒரு தரப்பும், படிவத்தின் மாயம் என்று மறுதரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. பிற்பாடு 2015இல் பொருளியல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன், வலேரி கோசலுடன் சேர்ந்து இந்த விவாதத்தையே ஒரு தொகுப்பு நூலாகக் கொண்டுவந்தார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை என்பதே அவர் முதலான பலரின் முடிவு.

இதில் யாரும் சதி செய்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற நல்லெண்ணமே அந்தப் படிவத்துக்குக் காரணமாக இருந்திருக்கும். அதனாலேயே இது பெரிய பாடம். தீய நோக்கம் இல்லாமலே ஒரு கேள்வித்தாள் கோடிக்கணக்கான ஏழைகளை மறைத்துவிட முடியும். ரேஷன் அரிசிக்கு எத்தனை குடும்பம் தகுதி என்ற முடிவு வரை அந்த எண் பயணம் செய்யும். 2022-23 செலவின ஆய்வில், மாதத்துக்கு ஒருமுறை என்று மூன்று மாதங்களில் மூன்று முறை போய் மூன்று தனிப் படிவங்களில் கேட்டார்கள். பதில் சொல்பவரின் களைப்பு குறையும், நல்ல மாற்றம்தான். ஆனால் 2011-12 எண்ணோடு இதை அப்படியே பக்கத்தில் வைத்து "இவ்வளவு முன்னேறிவிட்டோம்" என்று சொல்லிவிட முடியாது. கேட்ட முறை மாறிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"சும்மாதாங்க இருக்கேன்"

விடியற்காலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, சமைத்து, களை பறித்து, சாயங்காலம் விறகு பொறுக்கி வரும் பெண்ணிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "வேலைக்கெல்லாம் போகலீங்க, சும்மாதாங்க இருக்கேன்" என்பார். வாசலில் நிற்கும் கணவரோ மாமனாரோ பதில் சொன்னால் அதுகூட இராது. "அது வீட்டுல இருக்கு" என்பதோடு முடிந்துவிடும்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பெண்களில் வேலை செய்பவர்கள் 28 சதவீதம். 1971இல் அது பாதி அளவுக்கு, இன்னும் சில கணக்கின்படி அதற்கும் கீழே, சரிந்தது. பத்தாண்டில் வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் வயலை விட்டு வீட்டுக்குள் போய்விடவில்லை. முதன்மையாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் முறைக்கு மாறியதால், வீட்டு வேலையோடு வயல் வேலையும் செய்தவர்கள் கணக்கிலிருந்து நழுவிப் போனார்கள். 1991இல்தான், சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்யும் வேலையும் வேலையே என்ற விளக்கத்தைக் கேள்விக்குள்ளேயே சேர்த்தார்கள்.

தேசிய மாதிரி ஆய்வில் 92, 93 என்று இரண்டு குறியீட்டு எண்கள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது எல்லாம் செய்பவர் 93. இந்த இரண்டு எண்ணுக்குள் விழுந்தவர் உழைப்பாளர் படையில் சேர மாட்டார். எந்தப் பெண் எந்த எண்ணுக்குள் போகிறார் என்பது, ஆய்வாளர் இன்னும் இரண்டு கேள்வி பொறுமையாகக் கேட்டாரா என்பதைப் பொறுத்தது.

கேட்கும் முறையை மாற்றியபோது என்ன கிடைத்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலும், 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. "வேலை செய்கிறீர்களா?" என்ற கேள்வியையே விட்டுவிட்டு, நேற்று காலை எழுந்ததிலிருந்து எந்தெந்த நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று 2019 ஆய்வு காட்டியது. "சும்மா இருக்கும்" பெண்ணின் ஐந்து மணி நேரம் அது.

தார் ரோடு முடியும் இடத்தில்

கேள்வி எவ்வளவு சரியாக இருந்தாலும், தவறான ஆளிடம் கேட்டால் பயனில்லை. யாரைக் கேட்பது என்பதில் நடந்த பெரிய தோல்வியாக 1936ஐ எல்லாப் பாடநூலும் சொல்லும். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, ஏறத்தாழ 23 லட்சம் பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் உரிமையாளர் பட்டியலிலும் இருந்து முகவரி எடுத்ததால் ஏழைகள் விடுபட்டார்கள். அதைவிட முக்கியமாக, ரூஸ்வெல்ட்மீது கோபம் கொண்டவர்களே அதிக ஆர்வத்தோடு பதில் அனுப்பினார்கள். எத்தனை லட்சம் பேர் பதில் தந்தார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு பெருமைப்படும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நமக்கு நெருக்கமான பாடம் ராபர்ட் சேம்பர்ஸிடம் இருக்கிறது. 1970களில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில், பசுமைப் புரட்சி குறித்த ஆய்வில் வேலை செய்தவர். 1983இல் வெளியான அவருடைய நூலில், வறுமையைப் பார்க்கப் போகும் நிபுணர்களின் கண்ணில் ஏழைகள் ஏன் படுவதில்லை என்று விளக்கினார். அவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. மழைக்காலத்தில் போவதில்லை, பசியும் நோயும் கூடும் மாதங்கள் அவைதான். பேசுவது ஊர்ப் பெரியவர்களோடும் ஆண்களோடும், திட்டத்தால் பயன்பட்டவர்களோடும் மட்டுமே.

தமிழ்நாட்டுக் கிராமத்தின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை, அதையொட்டி ஊர்த் தெரு. காலனி ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ரோடு முடிந்த பிறகு. ஒரு நாளில் இருபது படிவம் நிரப்ப வேண்டிய இளைஞர், தடுப்பவர் யாரும் இல்லாவிட்டால், முதல் தெருவிலேயே இருபதையும் முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்பிய நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வில், எந்த வீடு என்பதை ஆய்வாளர் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரில் உள்ள எல்லா வீட்டையும் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்குவது போல் எழுந்தமானமாக எண்களை எடுத்துக் கொடுத்து, "இந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்" என்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, திரும்ப வர வேண்டும். திருப்பூரில் காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் எவரும் கிடைக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களை மட்டும் வைத்து எழுதினால், திருப்பூரில் தொழிலாளர்களே இல்லை என்று கணக்கு வரும்.

பணக்காரர்கள் வேறு வகையில் தப்புகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலேயே காவலாளி நிறுத்திவிடுவார். அவர்கள் விடுபட்டால் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். 2022-23 செலவின ஆய்வில் நகர்ப்புற வீடுகளைக் கார் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எடுத்தது இதற்குத்தான்.

செல்பேசியில் இணைப்பை அனுப்பி "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்பவர்களின் நிலை இன்னும் மோசம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019-21இல், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அதன் பிறகு இந்த எண்கள் கூடியிருக்கும். இடைவெளி இருக்கும் வரை, அப்படிப்பட்ட கணிப்பை மக்கள் கருத்து என்று அச்சிடக் கூடாது என்பேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்பது

சரியான வீடு, சரியான ஆள், சரியான கேள்வி எல்லாம் அமைந்தும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது பதிலைத் தீர்மானித்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. கிடைத்தது 293. ஆளும் தரப்புக்கு எதிராக வாக்களித்த ஏழை ஒருவர், வாசலில் நான்கு பேர் கேட்கும்படி முன்பின் தெரியாதவரிடம் அதைச் சொல்லத் தயங்கியிருக்க மாட்டாரா? லோக்நிதி என்ற தேர்தல் ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, முத்திரையிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது இந்தத் தயக்கத்தைப் போக்கத்தான்.

இதில் நான் மிகவும் மதிக்கும் முறை, தேசிய குடும்ப நல ஆய்வில் கணவனின் வன்முறை பற்றிக் கேட்கும் பகுதி. ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும், எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் மட்டுமே அந்தப் பகுதி கேட்கப்படுகிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அது என்ன கேள்வி என்று தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு. தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். பாதியில் யாராவது வந்தால் நிறுத்திவிட வேண்டும். எண்ணைவிட அந்தப் பெண்ணின் பாதுகாப்பு பெரிது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கேட்கும் விதமும் அப்படியே. "கணவர் உங்களைக் கொடுமைப்படுத்துகிறாரா?" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். குடும்பத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. நம் ஊரில் ஓர் அறையைக் கொடுமை என்று பலர் எண்ணுவதும் இல்லை. ஆகவே செயலைச் சொல்லிக் கேட்கிறார்கள். பிடித்துத் தள்ளியது உண்டா? எதையாவது எடுத்து வீசியது உண்டா? கன்னத்தில் அறைந்தது உண்டா? கையை முறுக்கியது, முடியைப் பிடித்து இழுத்தது உண்டா? கழுத்தை நெரித்தது உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. 2019-21 சுற்றில், மணமான பெண்களில் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம் பேர் ஏதோ ஒன்றுக்கு ஆம் என்றார்கள். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர். பொதுவாகக் கேட்டிருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது, நாமும் இப்படியொன்று இல்லை என்றே இருந்திருப்போம்.

கேட்பவரின் சாய்வைக் கண்டுபிடிக்கவும் நம் நாட்டில் ஒரு வழி பிறந்தது. வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை அளந்த ஆண்டுகளில் மகலனோபிஸ் ஒரே பகுதியிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனியான இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டு முடிவும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஆய்வாளரின் கை பட்டிருக்கிறது. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது அந்தப் பழக்கமும் சேர்ந்தே வந்தது. உலகம் முழுவதும் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் சொல்லித்தரும் முறை இது. தேர்தல் நேரத்தில் கணிப்பு விற்கும் நிறுவனங்களில் எத்தனை இதைச் செய்கின்றன?

அரசானாலும் தொலைக்காட்சியானாலும், ஒரு சதவீதத்தை வெளியிடுபவர் அதற்குரிய கேள்வியை எழுத்துக்கு எழுத்து, கேட்ட வரிசையோடு வெளியிட வேண்டும். எந்தப் பட்டியலிலிருந்து ஆள்களை எடுத்தார்கள், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், எந்த நேரத்தில் போனார்கள் என்பதும் அதோடு வர வேண்டும். இவை இல்லாமல் வரும் எண்ணைச் செய்தியாக்க மாட்டோம் என்று பத்திரிகைகள் முடிவெடுத்தால் பாதித் தொல்லை தீரும். எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை அது.

வாசகர்களிடமும் ஒன்று. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதி விவரத்தோடு நடக்கிறது. கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது உட்காரவைத்து நேரம் கொடுங்கள். வேலை பற்றிய கேள்வி வரும்போது, வயலிலும் தொழுவத்திலும் கடையிலும் உழைக்கும் அம்மாவையோ மனைவியையோ அழைத்து, அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.